மலை ஏரிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் பயணப் பக்கங்களில் மலை ஏரிகளின் படங்கள் வரத் தொடங்கிவிடும். நீல நிற நீர், பின்னால் பனி படிந்த சிகரம், கீழே ஒரு வரிக் குறிப்பு: போக வர இத்தனை கிலோமீட்டர், ஒரே நாளில் பார்த்துவிடலாம். அந்த ஒரு வரியை நம்பித்தான் பலர் கிளம்புகிறார்கள். மலைநடைக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி என்ற முறையில் சொல்கிறேன்: பயணத்தைத் திட்டமிட அந்த எண் ஏறக்குறைய எந்த உதவியும் செய்யாது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே இருக்கும் ஏரிக்குப் போக வேண்டுமானால் மணிக்கணக்குதான் முக்கியம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை மணிக்குள் ஓடையைக் கடப்பது, எத்தனை மணியானால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது என்ற மூன்றுக்கும் வீட்டிலேயே பதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ‘ஆல்பைன் லேக்ஸ்’ என்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி இருக்கிறது. 1976-இல் சட்டம் இயற்றி அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கோல்சக் ஏரிக்கு ஒரு வழித் தூரம் சுமார் 6.5 கி.மீ., ஏற்றம் சுமார் 700 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது: ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி கோல்சக் ஏரிக்குத் தூரத்துக்காக 1 மணி 18 நிமிடம், ஏற்றத்துக்காக 1 மணி 10 நிமிடம், ஆகமொத்தம் சுமார் இரண்டரை மணி நேரம். இது நல்ல பாதையில், நல்ல உடல்நிலையில், நிற்காமல் நடப்பவரின் நேரம். முதுகில் சுமை, ஓய்வு, பாறைக்குவியல், படம் எடுக்க நிற்பது எல்லாம் சேர்ந்தால் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

அதே ஏரியின் மறுகரையிலிருந்து ஆஸ்கார்ட் கணவாய் எழும்புகிறது. சுமார் 1.2 கி.மீ. தூரத்துக்குள் 650 மீட்டருக்கு மேல் ஏற்றம். தூரத்தை மட்டும் பார்த்தால் கால் மணி நேர நடை. நெய்ஸ்மித் கணக்கில் ஒன்றேகால் மணியைத் தாண்டுகிறது. உருளும் கற்களும் பெரும்பாறைகளும் நிறைந்த அந்தச் சரிவில் உண்மையில் பலருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. ‘இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே’ என்று பிற்பகலில் அங்கே கால் வைப்பவர்களே சிக்கிக்கொள்கிறார்கள்.

ஏற்ற அளவு கட்டுரையில் இல்லாவிட்டால் வரைபடத்திலிருந்து எடுக்கலாம். 1:25,000 அளவிலான வரைபடத்தில் சம உயரக் கோடுகள் எங்கே நெருங்கி நிற்கின்றனவோ அங்கே பாதை செங்குத்து. இரண்டு கோடுகளுக்கு இடையிலான உயர வித்தியாசம் வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். தொடக்கத்துக்கும் ஏரிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் போதாது. நடுவில் ஒரு முகட்டைத் தாண்டி இறங்கி மறுபடி ஏற வேண்டியிருந்தால், இறங்கியதையும் திரும்பி வரும்போது ஏற வேண்டும். களைத்த காலோடு வரும் அந்தக் கடைசி ஏற்றத்தைப் பெரும்பாலோர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இறக்கத்துக்கு நேரம் குறையும் என்பதும் பாதி உண்மைதான். செங்குத்தான சரளையில் இறங்க ஏறிய நேரமே ஆகும். முழங்கால் வலி உள்ளவருக்கு அதைவிடக் கூடும்.

திரும்பும் மணியைக் கணக்கிடுவது எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். சூரியன் மாலை 7:30-க்கு மறைகிறது என்று வைப்போம். இறங்க மூன்று மணி நேரம். சுளுக்கு, வழி தவறுதல், மழை இவற்றுக்காக இரண்டு மணி நேரம் கையிருப்பு. ஆக, பிற்பகல் 2:30-க்கு ஏரியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஏரிக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருக்கும்போது 2:30 ஆகிவிட்டாலும் அங்கிருந்தே திரும்ப வேண்டும். இதைக் குழுவில் எல்லோரும் கிளம்புவதற்கு முந்தைய இரவே பேசி ஒத்துக்கொள்வது நல்லது. மலைமேல் நின்றுகொண்டு பேசினால் ஆசைதான் வெல்லும். நடையின் வேகத்தைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவரை வைத்தே கணக்கிடுங்கள். இடி மழைக்குப் பேர்போன மலைகளில் இந்த மணியும் செல்லாது. நண்பகலுக்கு முன்பே கணவாயையும் முகட்டையும் விட்டு இறங்கிவிட வேண்டும்.

கோடைப் பிற்பகலில் இடி எழும்புவது தற்செயல் அல்ல. காலை வெயிலில் சூடேறிய சரிவுகளின் காற்று மேலெழும்பி, சில மணி நேரத்தில் மேகமாகக் குவிந்து, பிற்பகலில் வெடிக்கிறது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழித்துத்தான் வெட்டவெளிக்குத் திரும்பலாம். மலை ஏரியின் கரை இடி நேரத்தில் நிற்கத் தகுந்த இடம் அல்ல: சுற்றிலும் மரமில்லை, உயரமான பொருள் நீங்கள்தான். தனி மரத்தின் அடியும் ஒதுங்கும் இடமல்ல. கீழே இறங்கி, சீரான உயரமுள்ள தாழ்வான மரக்கூட்டத்துக்குள் போவதே வழி.

இனிப் பனி. பள்ளத்தாக்கில் பூ மலர்ந்துவிட்டது என்பதால் ஏரி உருகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சூரியனுக்கு முதுகு காட்டும் சரிவுகளில் கோடை நடுவிலும் பனி தங்கும். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ‘சென்டினல்-2’ செயற்கைக்கோள் படங்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். ஒரு புள்ளிக்கு 10 மீட்டர் என்ற நுணுக்கம் இருப்பதால் கணவாயின் எந்தப் பக்கம் வெள்ளை, ஏரி திறந்திருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். மேகம் மறைத்த படத்தை விட்டு அதற்கு முன் வந்த படத்தைப் பாருங்கள். கிளம்புவதற்கு முன் செலவிடும் அரை மணி நேரத்தில் இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

பனிச்சரிவில் கால் வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வழுக்கினால் எங்கே போய் நிற்பேன்? கீழே சமமான பனிவெளி என்றால் கவலை குறைவு. பாறையோ ஏரியோ என்றால், காலணியில் மாட்டும் சிறு முள்பட்டைகள் மட்டும் காப்பாற்றாது. பனிக்கோடரியும் அதைப் பயன்படுத்தி வழுக்கலை நிறுத்தும் பயிற்சியும் வேண்டும்; இரண்டும் இல்லையென்றால் திரும்புவதுதான் முடிவு. காலையில் பனி கல்லாக இறுகியிருக்கும். பிற்பகலில் இளகித் தொடை வரை கால் புதையும். பாறைகளையும் மரங்களையும் ஒட்டிய பனி உள்ளே பொள்ளலாக இருக்கும், அங்கே விழுந்தால் கால் முறியும். ஏரி உறைந்திருந்தால் அதன்மேல் நடந்து குறுக்கு வழி தேடாதீர்கள். ஓடை நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் உறைபனி மெலிந்திருக்கும், மேலே படிந்த வெண்பனி அதை மறைத்துவிடும்.

பனி உருகி ஓடும் ஓடைகளுக்கும் நேரம் உண்டு. விடியற்காலையில் நீர் மிகக் குறைவு, பிற்பகல் கடைசியிலும் மாலையிலும் மிக அதிகம். காலையில் கணுக்காலளவில் கடந்த ஓடை திரும்பும்போது முழங்காலைத் தாண்டி இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கும். வேகமாக ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் வந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். குறுகலான இடம் தாண்டிவிடலாம் போலத் தோன்றும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான் அதிகம். பல கிளைகளாகப் பிரிந்து அகன்று ஓடும் இடமே கடக்க ஏற்றது. பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட முடியும். காலணியைக் கழற்றாதீர்கள். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகருங்கள். கீழே அருவியோ அடைத்துக் கிடக்கும் மரங்களோ இருந்தால் அந்த இடத்தில் கடக்கவே வேண்டாம். நீர் குறையும் வரை, தேவைப்பட்டால் மறுநாள் காலை வரை, காத்திருப்பது தோல்வி அல்ல.

வானிலை அறிக்கை அடிவாரத்து ஊருக்கானது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊர் 600 மீட்டரில், ஏரி 1,700 மீட்டரில் என்றால் சுமார் 7 டிகிரி வித்தியாசம். காற்று வீசினால் உடலுக்கு இன்னும் குளிரும். ஏரிக்கரையில் இரவு தங்குபவர்கள் வேறொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட ஏரிகள் பெரும்பாலும் பனியாறு குடைந்த, மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த குழிவுகளில் கிடக்கின்றன. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளிலிருந்து இறங்கி அந்தக் குழிவில் தேங்கும். கரையைவிடச் சற்று மேலே உள்ள திட்டில் கூடாரம் அடித்தால் குளிரும் குறையும், கூடாரத்தின் உட்புறம் ஈரம் படிவதும் குறையும். கரையை விட்டு 60 மீட்டராவது தள்ளித் தங்க வேண்டும் என்பது பல வனப்பகுதிகளில் விதியாகவும் இருக்கிறது.

உடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பருத்தி நனைந்தால் காயாது, உடல் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். தோலோடு கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் சூடு தரும் ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத சட்டை. நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள், குளிர ஆரம்பித்த பிறகு அல்ல. உடன் வருபவர் நடுங்கி, பேச்சுக் குழறி, அடிக்கடி தடுக்கி விழுந்தால் உடல் வெப்பம் குறைகிறது என்று புரிந்துகொண்டு ஈர உடையை மாற்றிச் சூடும் இனிப்பும் கொடுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம், அது மோசமான கட்டம்.

ஏரியில் குதிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பனி உருகிய நீர் உடம்பில் பட்ட முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே வெடுக்கென்று உள்ளிழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். பத்து நிமிடத்துக்குள் கை கால்கள் சொன்னபடி கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கரைக்குச் சில அடி தூரத்தில் மூழ்குவது இதனால்தான். இறங்கியே தீர வேண்டுமென்றால் கால் எட்டும் இடத்தில், மெதுவாக, கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

குடிநீருக்கு மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைக்கலாம், வெயிலில் கூடும். ஏரி நீர் பளிங்காகத் தெரிந்தாலும் ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் இருக்கலாம். கையடக்க வடிகட்டிகளில் 0.1 மைக்ரான் துளை உள்ளவை பாக்டீரியாவையும் இந்த ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. நுண்குழல் வகை வடிகட்டி ஒருமுறை பயன்படுத்திய பின் இரவில் உறைந்துபோனால் உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, ஆனால் அதன்பின் அது கிருமிகளை நிறுத்தும் என்று நம்ப முடியாது. எனவே இரவில் அதை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பனியாற்றிலிருந்து வரும் பால் நிற நீரில் பாறைத்தூள் கலந்திருக்கும். பாத்திரத்தில் தெளியவிட்டு வடிகட்டாவிட்டால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கொதிக்க வைப்பதானால் நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், ஏனென்றால் உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். சாதாரணக் குளோரின் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியைக் கொல்லாது. குளோரின் டை ஆக்சைடு மாத்திரை கொல்லும், ஆனால் குளிர்ந்த நீரில் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

எரிவாயுக் குப்பியும் குளிரில் ஏமாற்றும். பியூட்டேன் சுமார் பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும், உறைபனிக் காலையில் அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பியை வாங்கி, இரவில் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். உலர் உணவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் என்பது நியாயமான அளவு.

2,500 மீட்டருக்கு மேல் போகும் பயணங்களில் தலைவலியோடு வாந்தியுணர்வோ பசியின்மையோ தலைசுற்றலோ சேர்ந்தால், வேறு காரணம் தெளிவாகும் வரை அதை உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அறிகுறி உள்ளவரை நேர்கோட்டில், குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, ஓய்வில் இருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் உடனே அவரை இறக்க வேண்டும்.

இன்னொன்று, வனப்பகுதியின் சட்டம். அமெரிக்காவில் 1964-இல் வந்த வனப்பகுதிச் சட்டம், எல்லைக்குள் மோட்டாரையும் சக்கர வண்டிகளையும், சைக்கிள் உட்பட, பொதுவாக அனுமதிப்பதில்லை. வழிகாட்டிப் பலகைகள் குறைவு, ஓடைக்குப் பாலம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, உதவி வருவதென்றாலும் பெரும்பாலும் நடந்தேதான் வரும். கோல்சக் ஏரியையும் உள்ளடக்கிய எஞ்சான்ட்மென்ட்ஸ் பகுதியில் மே 15 முதல் அக்டோபர் 31 வரை இரவு தங்கக் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள்; நாய்களுக்கு அனுமதியே இல்லை. உலகின் பல மலைகளில் இப்படி எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கிறது. ஏரியைத் தேர்ந்தெடுத்தபின் அனுமதி தேடுவதற்குப் பதிலாக, அனுமதி கிடைக்கும் தேதியைப் பார்த்து ஏரியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

அந்த உயரத்தில் செடிகள் வளரும் காலம் வருடத்தில் சில வாரங்களே. ஒருமுறை மிதிபட்ட புல்தரை மீளப் பல ஆண்டுகள் பிடிக்கும், ஆகவே பாறைமீதும் பனிமீதும் நடப்பதே நல்லது. மலம் கழிக்க, நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி. பாறை மட்டுமே உள்ள இடத்தில் குழி தோண்ட முடியாது, அதற்கென உள்ள பையில் கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும். எளிதில் மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் ஏரியில் கலக்கக் கூடாது. அது மக்குவது மண்ணில், அந்தக் குளிர்ந்த தெளிநீரில் அல்ல. மலையாடுகள் உப்புக்காகச் சிறுநீர் பட்ட இடங்களைத் தேடி வரும். செடிகள் மேல் சிறுநீர் கழித்தால் அவற்றைத் தோண்டிப் பிடுங்கிவிடும், பாறைமேல் கழிப்பதே சரி. கரடி உள்ள இடங்களில் பற்பசை உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் அதற்கான கெட்டிப் பெட்டியில் பூட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கைப்பேசிக்கு அங்கே அலைவரிசை இருக்காது. வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி, கருவியை விமானப் பயன்முறையில் போட்டு, உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கும். தாள் வரைபடமும் திசைகாட்டியும் அதோடு இருக்கட்டும். ஒரே நாளில் திரும்பும் திட்டமானாலும் நெற்றி விளக்கு ஒவ்வொருவரிடமும் வேண்டும். ஊரில் இருக்கும் ஒருவரிடம் வழி, வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். ‘சாயங்காலம் வந்துவிடுவோம்’ என்று சொல்வது போதாது, ‘இரவு 10 மணிக்குள் அழைக்காவிட்டால் மீட்புக் குழுவை அழை’ என்று இருக்க வேண்டும். மலைகளில் உதவி கேட்கும் குறி: ஒரு நிமிடத்துக்குள் ஆறு விசில், பிறகு ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. பதில் குறி நிமிடத்துக்கு மூன்று.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. மலை ஏரிப் பயணக் கட்டுரை வெளியிடும்போது தூரத்தோடு மொத்த ஏற்றம், மெதுவாக நடப்பவருக்கு ஆகும் நேரம், ஏரியின் உயரம், பாதையில் உள்ள ஓடைகள், அனுமதி விவரம் ஆகியவற்றை ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். கட்டுரையாளர் சென்ற மாதத்தையும் ஆண்டையும் தவறாமல் சேருங்கள். ஆகஸ்ட் கடைசியில் எடுத்த படத்தைப் பார்த்து ஜூன் தொடக்கத்தில் கிளம்புகிறவருக்கு அந்தப் பாதையில் பாதி பனிக்கு அடியில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மலைநடை வழிகாட்டி